இருபத்திரண்டு வாளித் தண்ணீர்

கிணற்றுச் சுவரின் மேல் ஒருவர் நிற்கிறார். இடுப்பில் ஈர வேட்டி, கையில் கயிறு, கயிற்று முனையில் சின்ன வாளி. வாளி தலைகீழாகப் போய் விழுகிறது. நாலே இழுவையில் நிறைந்து மேலே வந்துவிடுகிறது. “தலையக் குனிங்கம்மா, பின்னால ஆளு நிக்குது” என்கிறார். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. வடக்கே எங்கிருந்தோ இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து வந்தவர். ஆனாலும் குனிகிறார். உச்சந்தலையில் விழுந்த தண்ணீரில் பாதி என் மேல் தெறிக்கிறது. அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேருமே நனைந்த கோழிகளாக நிற்கும்போது வேறென்ன செய்வது?

ராமேஸ்வரம் ராமநாதசுவாமி கோயிலுக்குள் இப்படி 22 தீர்த்தங்கள். முதலில் கிழக்கு வாசலுக்கு எதிரே அக்னி தீர்த்தம் என்று பெயர் சூட்டப்பட்ட கடலில் முங்க வேண்டும். அந்த உப்பு ஈரத்தோடே கோயிலுக்குள் நுழைந்து, மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடிக்க வேண்டும். சேதுமாதவ தீர்த்தம் போல ஒன்றிரண்டு குளம், பெரும்பாலானவை கிணறு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஈரக் கல்தரையில் வழுக்காமல் நடப்பதே ஒரு வித்தை.

முகத்தில் வழிந்த தண்ணீர் வாய்க்குள்ளும் போயிருக்கும். அப்போதுதான் உறைத்தது. பத்து நிமிடத்துக்கு முன் வாய்க்குள் போனது கரித்தது, இது கரிக்கவில்லை. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கிணறு ஆழமுமில்லை, எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரிகிறது. தீவில் ஆறு கிடையாது. மலை என்று பேருக்குச் சொல்லப்படும் கந்தமாதன பர்வதமே ஒரு மேடுதான். சுமார் 60 சதுர கிலோமீட்டர் மணலும் பழைய பவளப்பாறையும், நாலு பக்கமும் உப்புக் கடல். இந்த நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

வானத்திலிருந்துதான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை மணலுக்குள் இறங்குகிறது. அடியில் ஏற்கெனவே கடல்நீர் ஊறி நிற்கிறது. நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீரின் அடர்த்தி 1.025. வித்தியாசம் நூற்றுக்கு இரண்டரைதான், ஆனால் மிதப்பதற்கு அது போதும். மணல் துகள்களின் இடுக்குகளில் தண்ணீர் மெதுவாகத்தான் நகரும் என்பதால் இரண்டும் சட்டென்று கலந்துவிடுவதில்லை. நன்னீர் மேலே நிற்கிறது. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும், ஓர் இட்லியைப் போல. நிலவியலாளர்கள் இதை நன்னீர் வில்லை என்கிறார்கள். எனக்கு இட்லியே போதும்.

இட்லியின் கணக்கு சுவையானது. 40 அடி உயரக் கடல்நீர்த் தூணை எடைபோட்டால் அது 41 அடி நன்னீர்த் தூணின் எடைக்குச் சரியாக வரும் (40 பெருக்கல் 1.025). அதனால் கடல்மட்டத்துக்கு மேல் நிலத்தடியில் ஓர் அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே 40 அடி நன்னீர் இருக்கும். மேலே தெரிகிற ஓர் அடிதான் கீழே உள்ள நாற்பதையும் தாங்கிப் பிடிக்கிறது. இதை 1880களின் இறுதியில் நெதர்லாந்து ராணுவப் பொறியாளர் பாடோன் கைபென் கண்டு எழுதினார். அவர் எழுதியது தெரியாமலே ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் 1901இல் வடகடல் தீவுகளுக்குக் குடிநீர் தேடப் போன இடத்தில் அதையே கண்டார். இருவர் பெயரும் சேர்ந்தே இன்று பாடநூல்களில் நிற்கிறது. நடைமுறையில் அலையும் ஏற்றவற்றமும் எல்லைக்கோட்டைக் கலக்கிவிடுவதால் நாற்பது முழுசாகக் கிடைக்காது. ஆனாலும் கணக்கின் திசை மாறாது.

கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். யாழ்ப்பாணம் நவக்கிரியில் நிலாவரைக் கிணறு இருக்கிறது. அடியே கிடையாது என்று ஊர் சொல்லும் கிணறு. அதன் மேல்தண்ணீர் நன்னீர். ஆழம் போகப் போக உவர்ப்பு, அடியில் உப்பு. சுண்ணாம்புக்கல் குகை இடிந்து திறந்த வாய் வழியே வில்லையின் குறுக்குவெட்டே தெரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த நாற்பதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கிணற்றில் நீர்மட்டம் ஓர் அடி இறங்கினால், கணக்குப்படி அடியிலிருந்து உப்புநீர் 40 அடி மேலேறும். பத்து சென்டிமீட்டர் இறங்கினாலே நாலு மீட்டர். கிணற்றுக்கு நேர் கீழே உப்பு ஒரு கூம்பு போல எழும்பி வரும். எழும்பக் கொஞ்சம் நேரம் ஆகும். அதற்குள் இறைப்பதை நிறுத்தி ஊறவிட்டால் மறுபடி இறங்கிவிடும். விடாமல் உறிஞ்சினால் ஒருநாள் தண்ணீர் கரிக்கத் தொடங்கும். அப்புறம் எத்தனை மழை பெய்தாலும் அந்தக் கிணறு மனம் மாற நாளாகும். கடலோர ஊர்களில் ‘போர் போட்டோம், ஒரு வருஷம் நல்லா இருந்துச்சு’ என்று தொடங்கும் கதைகளுக்கெல்லாம் இந்தக் கூம்புதான் வில்லன்.

இந்த நிலத்தில் நன்னீர் வேண்டுமென்றால் ஒரே இடத்தில் ஆழமாகத் தோண்டி அள்ளக் கூடாது. பல இடங்களில், ஆழமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். எடுத்தபின் ஊறுவதற்கு இடைவெளி விட வேண்டும். கோயிலுக்குள் இருப்பது என்ன? பரவிக் கிடக்கும் ஆழமற்ற கிணறுகள், கையால் இறைக்கும் சின்ன வாளி. ஒரு வாளிக்கு மூன்று லிட்டர் என்று வைத்தாலும் ஒருவருக்கு 66 லிட்டர் ஆகிறது. அந்தச் சுமை முழுக்க ஒரே கிணற்றில் விழவில்லை, இருபத்திரண்டாகப் பிரிந்துவிட்டது.

கட்டியவர்களுக்கு ஹெர்ஸ்பெர்க் கணக்கு முன்னமே தெரியும் என்று நான் சொல்ல வரவில்லை. நம் முன்னோருக்கு எல்லாம் தெரியும் என்கிற வாட்ஸாப் ஞானத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு தீர்த்தத்துக்கும் ஒவ்வொரு நோய் தீர்க்கும் சத்து உண்டு என்பதையும் நான் அந்தக் கணக்கிலேயே சேர்ப்பேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவை என்பார்கள். வில்லையின் தடிப்பும் மண்ணின் சுண்ணாம்பும் இடத்துக்கு இடம் மாறும்போது சுவை கொஞ்சம் மாறுவதில் அதிசயம் இல்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். தீவில் தலைமுறை தலைமுறையாகக் கிணறு தோண்டியவர்களுக்கு எது நிலைக்கும், எது கரிக்கும் என்று தெரிந்திருக்கும். கரித்த கிணறு தூர்ந்து போயிருக்கும். தாக்குப்பிடித்ததுக்குப் பெயர் கிடைத்தது.

அந்தப் பெயர்களைத்தான் கவனிக்க வேண்டும். கங்கா, யமுனா, கயா என்று மூன்று கிணறுகள். ராமேஸ்வரத்து மழையையே கங்கை என்று கூப்பிட்டுவிட்டார்கள். நளன், நீலன், கவயன், கவாட்சன், கந்தமாதனன் என்று சில. பாலம் கட்டிய வானரப் படையின் ஆட்கள். சூரியனுக்கு ஒன்று, சந்திரனுக்கு ஒன்று, சங்குக்கும் சக்கரத்துக்கும் ஒவ்வொன்று. பெயர் வைத்ததால் ஒரு கிணற்றையும் விட்டுவிட முடியாமல் போனது. வெறும் 22 கிணறு என்றால் பக்கத்தில் இருக்கிற ஒன்றில் குளித்துவிட்டு வெளியே போய்விடுவோம். கங்கையை விட்டுவிட்டுப் போக யாருக்கு மனசு வரும்? நிலத்தைச் செதுக்கி மனிதர்களை நடக்கவைக்கும் கலையை இன்று நிலவடிவமைப்பு என்று கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள். நடைவழி, நிறுத்தம், நிழல், நீர், குறியீடு என்று அதற்குப் பாடங்கள் உண்டு. இந்தப் பிரகாரங்கள் அந்தப் பாடத்தை எப்போதோ நடத்திவிட்டன. 18ஆம் நூற்றாண்டில் ராமநாதபுரத்தை ஆண்ட முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் நிறைவடைந்த மூன்றாம் பிரகாரத்தின் 1212 தூண்களை எல்லாரும் படம் எடுத்துப் போகிறார்கள். தூண்களை விடக் கிணறுகளே ஆட்களை ஆட்களோடு சேர்த்து வைக்கின்றன என்பது என் கட்சி.

அதற்குக் காரணம் ஈரம். நனைந்த துணியோடு நிற்பவனுக்கு அந்தஸ்து இல்லை. பட்டும் பாலியஸ்டரும் ஒரேமாதிரி உடம்பில் ஒட்டிக்கொள்கின்றன, பர்ஸும் செருப்பும் செல்போனும் வெளியே இருக்கின்றன. வரிசையில் காத்திருக்க வேண்டும், குனிய வேண்டும், நம் தலையில் ஊற்ற இன்னொருவர் வேண்டும். தண்ணீர் ஊற்றித் தரும் யாத்திரைப் பணியாளருக்கு இந்தியிலும் தெலுங்கிலும் வங்காளத்திலும் தேவையான நாலு வார்த்தை தெரியும். ‘குனி’, ‘போதும்’, ‘அடுத்தது’, ‘வழுக்கும்’.

கூட்டமாகச் செய்யும் இத்தகைய காரியங்கள் மனிதருக்கு ஏதாவது செய்கின்றனவா என்று ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். கங்கைக்கரையில், பிரயாகையின் மாக மேளாவில் ஒரு மாதம் குளிரிலும் இரைச்சலிலும் தங்கியிருந்த யாத்ரிகர்களை இந்திய, பிரிட்டிஷ் உளவியலாளர்கள் மேளாவுக்கு முன்பும் பின்பும் பேட்டி கண்டார்கள். போகாமல் ஊரிலேயே இருந்தவர்களோடும் ஒப்பிட்டார்கள். போய்வந்தவர்களின் நலவுணர்வு கூடியிருந்தது என்று 2012இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் எழுதினார்கள். பனியும் நெரிசலும் உடம்பைக் கெடுக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் நியாயம். பக்கத்தில் நிற்பவன் நம்மாள் என்கிற நினைப்பு அதை ஈடுகட்டிவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம்.

நம்மாள் என்ற சொல்லுக்கு ஒரு வேலி உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவு அனைவருக்கும் உரிமை என்று சட்டம் வந்தது 1947இல். அதுவரை தமிழ்நாட்டின் பெரும்பாலான கோயில்களில் வாசலும் நீரும் பலருக்கு மூடியே இருந்தன. ஊர்க்கிணறுகளில் அதற்குப் பிறகும் நெடுநாள் அதே கதைதான். மனிதர்களைச் சேர்க்கும் அமைப்பு என்று எதையாவது புகழ்கிறபோது, யாரை வெளியே நிறுத்திவிட்டுச் சேர்த்தது என்று கேட்பது நல்ல பழக்கம்.

கிணற்றை விட்டுக் கடற்கரைக்கு வருவோம். இந்தக் கோயிலின் மூலக் கதையே மணலில் இருக்கிறது. சீதை கையால் பிடித்த மணல் லிங்கம்தான் ராமநாதர் என்கிறது தலபுராணம். இன்றைக்கும் தீவின் முனையில் உள்ள தனுஷ்கோடிப் பக்கம் மணலைக் குவித்து லிங்கம் பிடிக்கிற குடும்பங்களைப் பார்க்கலாம். குழந்தைகள் முதலில் காய்ந்த மணலில் முயன்று தோற்கும். அப்புறம் பாட்டி யாராவது “ஈரத்துல எடுடா” என்பாள்.

காய்ந்த மணல் ஏன் நிற்பதில்லை, ஈர மணல் ஏன் நிற்கிறது? இரண்டு மணல் துகள் தொடும் இடத்தில் ஒரு துளி நீர் சிக்கிக்கொள்ளும். அந்தத் துளியின் மேற்பரப்பு இழுவிசை இரண்டு துகளையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கும். கோடிக்கணக்கான இந்தக் குட்டிப் பாலங்கள்தான் லிங்கத்தை நிற்கவைக்கின்றன. அதிகம் தண்ணீர் ஊற்றினால் பாலங்கள் ஒன்றோடொன்று கலந்து, இழுவிசை போய், மணல் சேறாகி ஓடிவிடும். எவ்வளவு ஈரம் சரி? ஆம்ஸ்டர்டாமின் டேனியல் பான் குழுவினர் 2012இல் மணல் தூண்களைக் கட்டி இடித்து அளந்து பார்த்தார்கள். கன அளவில் நூற்றுக்கு ஒன்று இருந்தாலே மணல் மிக உறுதியாக நிற்கிறதாம். பாட்டி அளந்ததில்லை. ஆனால் அலை வந்துபோன இடத்துக்குக் கொஞ்சம் மேலே, கால் பதிந்து தண்ணீர் ஊறாத மணலைத்தான் அவள் கை எடுக்கும்.

மணலுக்கு இன்னொரு பயணமும் உண்டு. சேது என்கிற இந்தக் கரையில் எடுத்த மணலைப் பிரயாகைக்குக் கொண்டுபோய்க் கங்கையில் கரைப்பது, அங்கிருந்து கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வது. ஒரு கைப்பிடி மணலும் ஒரு சொம்பு தண்ணீரும் நாட்டின் இரு முனைகளுக்கும் இடையே ஓடிக்கொண்டே இருந்திருக்கின்றன. ரயில் வருவதற்கு முன் இதை நடந்தே செய்தார்கள். அவர்களுக்காகத்தான் சேதுபதிகள் வழியெங்கும் சத்திரங்கள் கட்டினார்கள். தோள்சுமையை இறக்கிவைக்க, பிறகு யாரையும் கூப்பிடாமல் தானே தூக்கிக்கொள்ள, தோள் உயரத்தில் குறுக்கே கல் கிடத்திய சுமைதாங்கிகளைத் தமிழ்நாட்டின் பழைய பாதைகளில் இன்னும் பார்க்கலாம். அவற்றில் பல, பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டவை. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, வழிப்போக்கன் சுமையை இறக்க ஒரு கல். நினைவுச்சின்னம் என்றால் இதைவிட ஒன்றை என்னால் யோசிக்க முடியவில்லை.

தனுஷ்கோடியில் வேறுவகை நினைவுச்சின்னம் நிற்கிறது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுக்கு முன்னும் பின்னுமாக வந்த புயல் ஊரைத் தூக்கிக்கொண்டு போனது. பாம்பனிலிருந்து வந்த ரயிலும் போனது. மிச்சமிருப்பவற்றில் மாதா கோயிலின் மொட்டைச் சுவர்கள் ஒன்று. பூச்சு உதிர்ந்த இடத்தில் கிட்டப் போய்ப் பாருங்கள். செங்கல் இல்லை, கருங்கல்லும் இல்லை. தேன்கூடு மாதிரிப் பொத்தல், பொத்தலுக்குள் நட்சத்திரம் நட்சத்திரமாகக் கோடுகள். அது முருகைக்கல். ஒவ்வொரு நட்சத்திரத்துக்குள்ளும் ஒரு பவள உயிரி வாழ்ந்தது. மீனவர்கள் ‘பார்’ என்று சொல்லும் கடலடிப் பாறையின் துண்டுகள் இவை. ராமேஸ்வரம், பாம்பன் பகுதியில் கடலை விட்டு மேலே நிற்கும் பழைய பார்களைப் பற்றி ஸ்டாடர்ட், கோபிநாத பிள்ளை என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1972இல் எழுதினார்கள். சுமார் 4000 ஆண்டுக்கு முன் கடல் இன்றையதைவிட உயரத்தில் நின்றபோது வளர்ந்தவை அவை.

முருகைக்கல் இந்தக் கரைக்கு ஏற்ற கல். ஈரமாக இருக்கும்போது வாளுக்கும் கோடரிக்கும் வசப்படும், காய்ந்தால் இறுகும். பொத்தலில் காற்று நிற்பதால் உள்ளே வெயில் ஏறாது. உள்ளே இரும்புக்கம்பி இல்லாததால் உப்புக்காற்று துருவேற்றி வெடிக்க வைக்க ஒன்றுமில்லை. காங்கிரீட் வீடுகள் கடற்கரையில் கம்பி தெரிய உரிந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இன்னும் வேடிக்கை அதன் சாந்து. பவளமும் சிப்பியும் கால்சியம் கார்பனேட். காளவாசலில் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெந்தால் கரியமிலவாயு வெளியேறி சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் ஊற்றி நீற்றி, மணல் சேர்த்துச் சுவரில் பூசினால், அது ஆண்டுக்கணக்கில் காற்றிலிருந்து அதே கரியமிலவாயுவை உறிஞ்சித் திரும்பவும் கால்சியம் கார்பனேட்டாகக் கெட்டிப்படும். சுவரின் கல்லும் பவளம், கல்லை ஒட்டுகிற பசையும் பவளம்.

உள்ளூர்ப் பொருள் என்றால் உடனே கைதட்டுகிறவர்கள் இங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டும். வீட்டுக்கு என்று கொஞ்சம் எடுத்தது ஒரு காலம். சுண்ணாம்புக் காளவாசல்களுக்கும் ஆலைகளுக்கும் படகு படகாக வெட்டி எடுத்தது பின்னால் வந்த காலம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இப்போது தண்ணீருக்குக் கீழே. சுற்றியிருந்த பாரை வெட்டியது அதற்கு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பார் என்பது கரைக்கு முன்னால் நிற்கிற தடுப்பு. உலகெங்கும் எடுத்த அளவீடுகளைத் தொகுத்து 2014இல் வந்த ஓர் ஆய்வு, பவளத்திட்டுகள் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 விழுக்காட்டைத் தணித்துவிடுகின்றன என்றது. தடுப்பு போனால் மணல் போகும், மணல் போனால் தீவு போகும். 1986இல் கடல்வாழ் தேசியப் பூங்கா வந்தது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. இன்று முருகைக்கல்லைக் கையில் எடுத்தால் குற்றம். சரியான சட்டம். தனுஷ்கோடிச் சுவரைத் தடவிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பாலம் தாண்டி ராமநாதபுரம் சீமைக்கு வந்தால் காட்சி மாறுகிறது. இங்கே மணலுக்குப் பதில் களிமண், கிணற்றுக்குப் பதில் ஊருணி. மாவட்டத்தின் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. ஆண்டு மழை சுமார் 820 மில்லிமீட்டர், அதில் பெரும்பங்கு மூன்றே மாதத்தில். விழுந்ததைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் பங்குனிக்கு மேல் வாய் நனைக்க வழியில்லை. பாசனத்துக்குக் கண்மாய், குடிக்க ஊருணி. களிமண் தண்ணீரைக் கீழே விடாது. அடியில் இருக்கும் உப்பையும் மேலே விடாது. குடிக்கிற ஊருணியில் கால் வைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு. கரையில் ஒரு சாமி உட்கார்ந்திருந்தால் அதை மீறுவது கடினம். கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கக் குடத்தின் உள்வாயில் தேற்றாங்கொட்டையை உரசுவார்கள். களித்துகள்கள் ஒரே மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கி மிதந்துகொண்டிருக்கும். கொட்டையிலிருந்து கரையும் நீண்ட மூலக்கூறுகள் அவற்றைக் கோத்துத் திரளாக்க, திரள் எடை தாங்காமல் அடியில் படியும். ஒரு ராத்திரி போதும். கிருமி போய்விடாது, கலங்கல்தான் போகும். காய்ச்சியே ஆக வேண்டும்.

கண்மாய்க்கரையில் அய்யனார் இருப்பார். அவருக்குக் குதிரை வேண்டும். புரவி எடுப்புக்கு நாள் குறித்தால் முதல் வேலை பிடிமண் கொடுப்பது. கண்மாயிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து ஊர்க் குயவரான வேளாரிடம் கொடுப்பார்கள். அந்தக் கணமே ஊருக்கும் அவருக்கும் ஒப்பந்தம். களிமண்ணோடு மணலும் உமியும் வைக்கோலும் பிசைவார். வெறும் களி சூளையில் வெடிக்கும். உமி எரிந்துபோன இடத்தில் விழும் நுண்துளைகள் நீராவிக்கு வழிவிடும். உள்ளே கூடாக, கால் முதலில், வயிறு பிறகு, கழுத்து கடைசியில் என்று குதிரை நாள் கணக்கில் எழும்பும். 500, 600 டிகிரிக்கு மேல் போகும்போது களித்தாதுக்களின் படிகத்துக்குள் பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடும். அதன்பின் எத்தனை மழையில் நனைந்தாலும் அது மறுபடி களியாகாது. கண்மாய் மண் கண்மாய்த் தண்ணீரில் கரையாத பொருளாகிவிட்டது. பிறகு ஊரே தோள் கொடுத்துக் குதிரையைத் தூக்கிப் போகும்.

குதிரைக்கு எடுத்த மண்ணால் கண்மாய் ஆழப்பட்டுவிடும் என்று கணக்குச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் எடுப்புக்குப் போகிற கூட்டம் கரை வழியாகத்தான் போக வேண்டும். எங்கே கரை அரித்திருக்கிறது, எந்த மடை பழுது, வரத்துக்காலை யார் மறித்து வைத்திருக்கிறார் என்று நூறு ஜோடிக் கண்கள் பார்க்கும். திரும்பி வந்து தேநீர்க்கடையில் சண்டை நடக்கும். பொதுப்பணித்துறைப் பொறியாளர் ஆய்வுக்கு வந்தால்கூட இவ்வளவு பேர் கூட வரமாட்டார்கள்.

ராமேஸ்வரத்துக்குத் திரும்பும் வழியில் பேக்கரும்பு. டி.ஆர்.டி.ஓ. கட்டிய அப்துல் கலாம் தேசிய நினைவகம் 2017 ஜூலை 27இல் திறக்கப்பட்டது. ஜெய்சல்மரிலிருந்தும் ஆக்ராவிலிருந்தும் கல் வந்தது, சாந்திநிகேதனிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் சுவரோவியங்கள் வந்தன. நாட்டின் பல மூலைகளைத் தீவுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அதன் எண்ணம். நல்ல எண்ணம்தான், கூட்டமும் அலைமோதுகிறது. ஆனால் அங்கே நாம் பார்வையாளர்கள். கயிறு கட்டிய வரிசையில் நடந்து, பார்த்து, வெளியே வருகிறோம். ஒரு கல்லைக்கூட லாரியில் ஏற்றாமல், இருக்கிற கிணற்றுக்குக் கங்கை என்று பேர் வைத்தவன் செலவில் கெட்டிக்காரன். அவன் கிணற்றில் யாரும் நனையாமல் பார்த்துவிட்டுப் போக முடியாது.

அந்தக் கிணறுகளுக்கு இப்போது போட்டி வேறு இடத்திலிருந்து வருகிறது. திருச்சிப் பக்கம் எடுத்த காவிரி நீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாயில் மாவட்டத்துக்கு வருகிறது. வராத நாளில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் நடக்கிறார்கள். தீவில் விடுதிகள் பெருகியபடியே இருக்கின்றன. ஒவ்வொரு விடுதியின் மோட்டாரும் அதே இட்லியைத்தான் கடிக்கிறது. கோயிலுக்கு வெளியே தீவெங்கும் சிதறிக் கிடக்கும் தீர்த்தங்களில் பல தூர்ந்தும் முள் மூடியும் கிடந்தன. விவேகானந்த கேந்திரத்தின் இயற்கைவள அமைப்பினர் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் தூர்வாரிப் படிகட்டி எடுத்தார்கள். மழைநீர் மணலுக்குள் இறங்க அத்தனை வாய்கள் திறந்தன என்று நான் அதைப் படிக்கிறேன். தங்கச்சிமடத்தில் வில்லூண்டி தீர்த்தத்தைப் பார்த்துவிட்டும் வரலாம். கடலுக்குள் போகும் சின்ன நடைபாலத்தின் முடிவில் ஒரு கிணறு, சுற்றிலும் கடல், உள்ளே நன்னீர். ராமன் வில்லை ஊன்றினான் என்பது கதை. நிலத்தடி நன்னீர் கடலடி மணலுக்குள்ளும் கொஞ்ச தூரம் நீண்டு போய்த்தான் முடிகிறது என்பது விளக்கம். இரண்டையும் ஒரே வாளியில் இறைக்கலாம்.

தனுஷ்கோடியில், சாலையை விட்டு மணலுக்குள் கொஞ்ச தூரம் நடந்தால், குடிசைகளுக்குப் பின்னால் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டிய குழி ஒன்று. ஒரு பக்கம் பாக்கு விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. இடையில் உள்ள அந்தக் குறுகிய மணல் நாக்கில் வில்லை இட்லி அளவுகூட இருக்காது, தோசை என்று சொல்லலாம். குழியின் ஓரத்தில் ஒரு அம்மா குத்தவைத்து உட்கார்ந்து சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். அள்ளுவார், நிறுத்துவார். குழியின் சுவரிலிருந்து நீர் கசிந்து சேரும். மறுபடி அள்ளுவார். நானும் பாட்டிலை நீட்டினேன்.

“இருங்க தம்பி, இப்ப அள்ளுனா கரிக்கும். ஊறட்டும்” என்றார். பக்கத்து மணலைக் கையால் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தேன். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், கோயிலில் இருபத்திரண்டும் ஆயிற்றா என்று விசாரித்து முடிப்பதற்குள் குழியில் தண்ணீர் ஏறியிருந்தது.